ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் அறிமுகம்

மெரினாவிலோ ஊர்ப் பொருட்காட்சியிலோ பலூன் சுடாதவர்கள் நம்மில் குறைவு. பலகையில் வரிசையாக ஒட்டிய பலூன்கள், தேய்ந்துபோன ஒரு ஏர் கன், பத்துக்கு ஆறு உடைந்தால் கூட வந்தவர்கள் முன்னால் கொஞ்சம் பெருமை. பலருக்குத் துப்பாக்கியோடு இருக்கும் பழக்கம் அவ்வளவுதான். அதனால் துப்பாக்கி சுடப் பழகும் இடமான ரேஞ்சில் சேர வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எனக்குக் கை ஆடுமே, குறி வருமா?" என்பதைத்தான்.

எல்லாருக்கும் கை ஆடும். ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்களுக்கும் ஆடும், நம்மைவிடக் குறைவாக. துப்பாக்கி சுடுதலில் முதலில் பழக வேண்டியது, கை ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சுடுவது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் பயிற்சியில் வந்துவிடும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

துப்பாக்கி சுடுதலில் பிரிவுகள் நிறைய. 25 மீட்டர், 50 மீட்டர், பறக்கும் தட்டைச் சுடுகிற டிராப், ஸ்கீட் என்று போகும். நம் நாட்டில் புதியவர்கள் பெரும்பாலும் தொடங்குவது 10 மீட்டர் ஏர் ரைபிளிலோ ஏர் பிஸ்டலிலோதான். இவற்றில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்று, 4.5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஈயப் பெல்லட்டைத் தள்ளுகிறது. சத்தம் குறைவு, பின்னுதைப்பு அநேகமாக இல்லை, பெல்லட் விலையும் தோட்டாவோடு ஒப்பிட்டால் சொற்பம். அதற்காக விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கும் வலு அதற்கு உண்டு.

ஏர் ரைபிள் ஒலிம்பிக்கில் நுழைந்தது 1984 லாஸ் ஏஞ்சலஸில். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கம் வாங்கித் தந்தது இந்தப் பிரிவில்தான். 2012 லண்டனில் இதே பிரிவில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் சென்னையில் பிறந்தவர். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். 2024 பாரிஸில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலங்களும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில், ஒன்று தனிப்பிரிவில், மற்றொன்று சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்பு அணியில்.

இனி டார்கெட்டைப் பார்ப்போம். பிஸ்டல் டார்கெட்டில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 11.5 மி.மீ., ஏறக்குறைய ஒரு சட்டைப் பட்டன். ரைபிள் டார்கெட்டிலோ பத்து என்பது வெறும் 0.5 மி.மீ. புள்ளி. பெல்லட்டின் ஓரம் எந்த வளையத்தைத் தொட்டாலும் அந்த மதிப்பெண் கிடைக்கும் என்பதால், நடைமுறையில் ரைபிளில் உங்கள் பெல்லட்டின் மையம் அந்தப் புள்ளியிலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் விழுந்தால் பத்து. போட்டியில் 60 முறை சுட வேண்டும். பிஸ்டலில் முழு எண் கணக்கு, ஆக அதிகபட்சம் 600. ரைபிளில் பத்தையும் பத்தாகப் பிரித்து 10.0 முதல் 10.9 வரை எண்ணுவார்கள், அதனால் அதிகபட்சம் 654. பெரிய ரேஞ்சுகளில் எலக்ட்ரானிக் டார்கெட் இருக்கும், சுட்ட உடனே பக்கத்தில் உள்ள திரையில் தெரிந்துவிடும். பல கிளப்புகளில் இன்னும் அட்டை டார்கெட்தான், கப்பியில் ஓடிப் போய்த் திரும்பி வரும். புதியவர்களுக்கு அட்டையே நல்லது என்பது என் எண்ணம். ஒவ்வொரு குண்டுக்கும் திரையில் ஒரு எண் மின்னினால் மனம் அந்த எண்ணின் பின்னால் ஓடிவிடுகிறது.

சரி, ரேஞ்சுக்குள் வருவோம். முதல் நாள் எந்த நல்ல கோச்சும் துப்பாக்கியை உடனே கையில் தரமாட்டார். முதலில் பாதுகாப்பு. எல்லாத் துப்பாக்கியும் குண்டு போட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும், காலியானது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்திருந்தாலும். குழலின் முனை எப்போதும் டார்கெட் பக்கம் பார்த்தே இருக்க வேண்டும். பேசத் திரும்பும்போது துப்பாக்கியும் கூடவே திரும்பிவிடுவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்வது. யாராவது கூப்பிட்டால் முதலில் துப்பாக்கியை மேஜையில் வையுங்கள், அப்புறம் திரும்புங்கள். சுடத் தயாராகும் வரை விரல் டிரிகரில் இருக்கக் கூடாது, பக்கவாட்டில் நீட்டியே இருக்கட்டும். டார்கெட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ரேஞ்சில் அதைக் கட்டியவர்களே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டு மொட்டை மாடியில் அப்படி யாரும் இல்லை, அதனால் அங்கே சுடவே கூடாது.

ரேஞ்ச் அதிகாரியின் வார்த்தைதான் அங்கே சட்டம். "லோட்" என்றால்தான் பெல்லட் போடலாம், "ஸ்டார்ட்" என்றால்தான் சுடலாம். "ஸ்டாப்" என்ற சொல் காதில் விழுந்தால், டிரிகரில் பாதி அழுத்தம் கொடுத்திருந்தாலும் விரலை எடுத்துவிட வேண்டும். "அன்லோட்" என்றதும் பெல்லட்டை வெளியே எடுத்து, குழலுக்குள் நிறம் பளிச்சென்று தெரியும் பாதுகாப்புக் கொடியைச் செருகி, துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டும். டார்கெட் மாற்ற யாராவது முன்னால் போயிருக்கும்போது துப்பாக்கியைத் தொடவே கூடாது, துடைப்பதற்காகக்கூட. இந்த ஒழுங்கில் கறாராக இல்லாத கிளப் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் வேண்டாம். உங்கள் பிள்ளையைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் கோச்சின் பதக்கங்களை விசாரிப்பதற்கு முன்னால், அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து குழல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று, பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சில பேருக்கு உண்டு, அது மிகவும் தவறு.

பெல்லட்டுக்கு நடுவில் இடுப்பு போல் ஒடுங்கியிருக்கும். தட்டையான தலை முன்னால், குழிவான பின்பக்கம் நம் பக்கம் என்று போட வேண்டும். தலை தட்டையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அது அட்டையைக் கிழிக்காமல் சுத்தமான வட்ட ஓட்டை போடும், மதிப்பெண் கணக்கிடச் சிக்கல் வராது.

குறி பார்ப்பதற்கு வருவோம். எந்தக் கண் உங்களுக்கு ஆளும் கண், அதாவது குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண், என்று முதலில் தெரிய வேண்டும். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன முக்கோண இடைவெளி விட்டு, தூரத்தில் ஒரு பொருளை அதன் வழியே பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது பொருள் மறைந்து, மற்றதை மூடும்போது மறையாமல் இருந்தால், மறைந்தபோது மூடியிருந்த கண்தான் ஆளும் கண். வலது கைக்காரருக்கு இடது கண் ஆள்வதும் சகஜம். கோச்சிடம் சொல்லிவிட்டால் அதற்கேற்ற வழியைச் சொல்வார். மற்றக் கண்ணை இறுக்கி மூடவும் வேண்டாம். மூடினால் திறந்த கண்ணும் சீக்கிரம் களைக்கும். அந்த மற்றக் கண்ணை மறைக்க ஒரு சின்ன அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கண்ணையும் திறந்தே வைத்துச் சுடுவார்கள்.

குறி பார்க்க உதவும் பாகத்தைச் சைட் என்பார்கள். பிஸ்டலில் பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு தூண். பள்ளத்தின் நடுவில் தூண் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் தெரியும் வெளிச்சம் சமமாக இருக்க வேண்டும், மேல்விளிம்புகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அதை அப்படியே கறுப்பு வட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளைப் பகுதியில் நிறுத்துவார்கள். இப்போது கேள்வி, பார்வை எதில் இருக்க வேண்டும்? கண்ணால் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தில் உள்ளதைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். புதியவர் எல்லாரும் டார்கெட்டைப் பார்ப்பார்கள். தெளிவாகத் தெரிய வேண்டியது முன்தூண், டார்கெட் மங்கலாகத்தான் தெரிய வேண்டும்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடும். பிஸ்டலில் முன்தூணுக்கும் பின்பள்ளத்துக்கும் நடுவே சுமார் 35 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கை மொத்தமாக, இரண்டு சைட்டும் சேர்ந்து 5 மி.மீ. நகர்ந்துவிட்டால் டார்கெட்டிலும் குண்டு 5 மி.மீ.தான் தள்ளி விழும். அதுவும் பத்துதான். ஆனால் கை நகராமல் மணிக்கட்டு மட்டும் துளி திரும்பி, முன்தூண் பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தூரத்தில் அது சுமார் 28 மி.மீ. ஆகப் பெருகிவிடும். மதிப்பெண் ஏழு. ஆக, நாம் பயப்படும் கை ஆட்டம் பெரிய எதிரி இல்லை. நாம் கவனிக்காமல் விடும் அந்த ஒரு மில்லிமீட்டர்தான் எதிரி. கை ஆடட்டும் என்று விட்டுவிட்டு, முன்தூணையும் பள்ளத்தையும் மட்டும் கவனித்துச் சுடத் தொடங்கியவர்களுக்கு எண்ணிக்கை கிடுகிடுவென ஏறுவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

ரைபிளில் வேலை கொஞ்சம் எளிது. பின்னால் பீப் சைட் என்ற சிறு துளை, முன்னால் ஒரு வளையம். துளை வழியே பார்த்து, வளையத்துக்கு நடுவில் கறுப்பு வட்டத்தை நிறுத்த வேண்டும். வட்டத்துக்குள் வட்டம் சரியாக மையத்தில் இருக்கிறதா என்பதைக் கண் தானாகவே நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சில கிளப்புகளில் பீப் சைட் இல்லாத ஓபன் சைட் ரைபிளில் தொடங்கச் சொல்வார்கள். அதற்கென்று நம் நாட்டில் தனிப் போட்டிப் பிரிவே உண்டு, குறைவாக நினைக்க வேண்டாம்.

அப்புறம் டிரிகர். பத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். கறுப்பு சரியாக நடுவில் வந்த அந்தக் கணத்தில் "இப்போ!" என்று மனம் கத்தும், விரல் வெடுக்கென்று இழுக்கும், துப்பாக்கி அசைந்துவிடும். வலது கைக்காரர் பிஸ்டலில் இப்படி இழுத்தால் குண்டு இடது பக்கம் கீழே போய் விழும். உங்கள் ஓட்டைகள் அந்த மூலையில் கூடியிருந்தால் சைட்டைத் திருப்பாதீர்கள், விரலைக் கவனியுங்கள். டிரிகரைச் சீராக, நேராகப் பின்னால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். எந்த நொடியில் வெடிக்கும் என்பது உங்களுக்கே சற்று ஆச்சரியமாக இருந்தால் சரியாக அழுத்துகிறீர்கள். போட்டி ஏர் பிஸ்டலில் டிரிகர் எடை குறைந்தபட்சம் 500 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. ரைபிளில் அப்படிக் கட்டுப்பாடு இல்லாததால் மிக மெல்லிய டிரிகர் வைத்திருப்பார்கள். விரலால் தடவினாலே வெடிக்கும் அளவு இருக்கும். பிஸ்டல் பழகியவர் ரைபிளை எடுத்தால் இதில் கவனம் வேண்டும்.

மூச்சைப் பற்றிப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. இயல்பாக மூச்சு இழுத்து, பாதிக்கு மேல் விட்டு, அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறேழு நொடிக்குள் சுட்டுவிட வேண்டும். அதைத் தாண்டினால் கண்ணுக்கும் தசைக்கும் பிராணவாயு குறைந்து, குறி நன்றாக இருப்பதாகத் தோன்றும், உண்மையில் இருக்காது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான், சுடாமல் இறக்கி வைப்பது. இறக்கி வைக்கத் தெரிந்தவர்தான் முன்னேறுகிறார், இதை எவ்வளவு சொன்னாலும் போதாது. குண்டு போன பிறகும் ஓரிரு நொடி அப்படியே நிற்க வேண்டும். பெல்லட் குழலை விட்டு வெளியேறச் சின்ன அவகாசம் ஆகும், அதற்குள் தலையைத் தூக்கி எங்கே பட்டது என்று பார்ப்பவருக்குக் குறி தவறத்தான் செய்யும்.

நிற்கும் முறையை எழுத்தில் முழுதாகச் சொல்ல முடியாது, கோச் உங்கள் தோளைத் தொட்டுத் திருத்தித்தான் ஆக வேண்டும். ரைபிளில் இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் தங்கும், எடையைத் தசைக்குப் பதிலாக எலும்பு தாங்கும். போட்டி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம், தசையை நம்பினால் பத்து நிமிடத்தில் தோள் நடுங்கும். அதனாலேயே முதல் சில வாரங்கள் மேஜையில் தாங்கல் வைத்துச் சுடச் சொல்வார்கள். அதை அவமானமாக நினைத்து அவசரப்படுத்தாதீர்கள், சைட்டையும் டிரிகரையும் பழக அதுதான் நல்ல இடம். பிஸ்டலில் ஒரே கையால்தான் சுட வேண்டும், மற்றக் கை பாக்கெட்டுக்குள் இருக்கும். 2024 பாரிஸில் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெள்ளி வாங்கிய துருக்கியின் யூசுஃப் திகெச் படத்தைப் பார்த்து உலகமே அதை அலட்சியம் என்று கொண்டாடியது. உடம்பு ஆடாமல் இருக்க ஏர் பிஸ்டல் சுடுகிறவர்கள் அநேகமாக எல்லாரும் செய்வதுதான் அது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. குறி பார்க்கும் நிலையில் நில்லுங்கள், கையில் துப்பாக்கி வேண்டாம், விரலை நீட்டினாலே போதும். கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். விரல் குறியிலிருந்து விலகியிருந்தால் கையைத் திருப்பிச் சரிசெய்யக் கூடாது, பாதத்தை நகர்த்த வேண்டும். உடம்பு தானாகப் போய் நிற்கிற திசையும் டார்கெட்டும் ஒன்றாகும் வரை இதைச் செய்ய வேண்டும். ரேஞ்சில் அனுபவசாலிகள் சுடுவதற்கு முன் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்தால், அவர்கள் தியானம் செய்வதாக நினைக்க வேண்டாம்.

இப்போது டார்கெட் திரும்பி வந்துவிட்டது. புதியவரின் கண் முதலில் தேடுவது பத்தை. நீங்கள் பார்க்க வேண்டியது குரூப்பை, அதாவது ஐந்து குண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கி விழுந்திருக்கின்றன என்பதை. ஐந்தும் கறுப்புக்கு வெளியே, ஒரே இடத்தில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தால் நீங்கள் அருமையாகச் சுட்டிருக்கிறீர்கள். சைட்டைச் சில கிளிக் திருப்பினால் மொத்தக் கூட்டமும் நடுவுக்கு வந்துவிடும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்சைட்டை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். ஒரு பத்து, ஒரு ஆறு, ஒரு எட்டு, ஒரு மூன்று என்று சிதறியிருந்தால் எந்தத் திருகும் உதவாது. அந்தப் பத்து தற்செயல். முதல் மூன்று மாதம் மதிப்பெண்ணைக் கூட்டவே வேண்டாம் என்று நான் சொல்வேன். அட்டையில் தேதி எழுதி, குரூப்பின் அகலத்தை அளந்து வையுங்கள்.

பெல்லட் போடாமல் பழகுவதை டிரை பிராக்டிஸ் என்பார்கள். சுவரைப் பார்த்து நின்று, சைட்டை ஒழுங்கு செய்து, டிரிகரை அழுத்தி, முன்தூண் அசைகிறதா என்று பார்ப்பது. பார்க்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் கண்ணுக்கும் விரலுக்கும் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. எந்தத் துப்பாக்கியை எப்படி வெறுமனே அழுத்தலாம் என்பதை மட்டும் கோச்சிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் வகை ஏர் கன்னை பெல்லட் இல்லாமல் வெடித்தால் உள்பாகம் கெட்டுப்போகும்.

செலவு பற்றி. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டையர், மொரினி போன்ற வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் விலை நடுத்தரக் குடும்பத்தை யோசிக்கவைக்கும். ரைபிளுக்குக் கனத்த ஜாக்கெட், பேன்ட், காலணி, கையுறையும் வேண்டும். பிஸ்டலுக்கு இவை தேவையில்லை, அதனால் மொத்தச் செலவு குறைவு. எதுவானாலும் சேர்ந்த உடனே வாங்காதீர்கள். கிளப் துப்பாக்கியிலேயே பழகி, உங்களுக்கு ரைபிளா பிஸ்டலா என்று கை சொன்ன பிறகு வாங்கினால் போதும். சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. உங்கள் கிளப் மாநிலச் சங்கத்தோடும், 1951-இல் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கத்தோடும் இணைந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போட்டிக்குப் போக அந்த வழிதான்.

உரிமம் பற்றியும் பலர் கேட்பார்கள். 4.5 மி.மீ. அளவுக்குள்ளும் 20 ஜூல் ஆற்றலுக்குள்ளும் உள்ள ஏர் கன்னுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கிகளின் ஆற்றல் அதில் பாதிகூட வராது. .22 ரைபிள் போன்ற தோட்டாத் துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம். உரிமம் வேண்டாம் என்பதற்காகப் பறவைகளைச் சுடப் புறப்படுகிறவர்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு எந்த ரேஞ்சிலும் இடம் இருக்கக் கூடாது.

கொஞ்ச மாதம் கழித்து மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுப்பீர்கள். எலக்ட்ரானிக் டார்கெட் என்றால் 60 குண்டுக்கு 75 நிமிடம். அதற்கு முன்னால் 15 நிமிடம் தயாராகவும், கணக்கில் சேராத குண்டுகளைச் சுட்டுச் சைட்டைச் சரிசெய்யவும் தருவார்கள். அன்று இதயம் அடிப்பது முன்தூணிலேயே தெரியும். இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரையை இந்த விளையாட்டில் ஊக்கமருந்தாகவே எண்ணித் தடைசெய்திருக்கிறார்கள். 2008-இல் வட கொரியாவின் கிம் ஜோங் சு அதனால் இரண்டு ஒலிம்பிக் பதக்கங்களை இழந்தார். மாத்திரை இல்லாமல் சமாளிக்கத்தான் இத்தனை நாள் ஒரே மாதிரி சுடப் பழகினீர்கள். பெய்ஜிங்கில் பிந்த்ராவும் ஃபின்லாந்தின் ஹென்ரி ஹக்கினனும் கடைசிக் குண்டுக்கு முன்னால் சமமாக இருந்தார்கள். பிந்த்ரா சுட்டது 10.8, ஹக்கினன் 9.7.

ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் டார்கெட்டுக்கு மேலே உள்ள லேன் எண்ணை, அதாவது நீங்கள் நின்று சுடும் வரிசையின் எண்ணை, பாருங்கள். 2004 ஏதென்ஸில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் பிரிவின் இறுதிச் சுற்றில் அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தார், மீதி ஒரே ஒரு குண்டு. அதைப் பக்கத்து லேன் டார்கெட்டில் சுட்டார். அந்தக் குண்டுக்குப் பூஜ்யம், தங்கம் போய் எட்டாவது இடம். உங்கள் எண்ணைச் சரிபார்க்க ஒரு நொடிகூட ஆகாது.